கப்பலில் போய்ப் புறாத் தீவில் மீன் பார்ப்பது: புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போகும் உல்லாசக் கப்பல் திருகோணமலையில் நிற்கும் நாளில், பயணிகள் விரும்பி எடுக்கும் கரைச் சுற்றுலாக்களில் ஒன்று புறாத் தீவுப் பயணம். நிலாவெளி வரை வண்டி, அங்கிருந்து படகு, தீவை ஒட்டிய பவளப்பாறைகளின் மேல் ஸ்நார்க்கலிங் என்று அது நடக்கும். புதுச்சேரியில் பயண ஏற்பாட்டு வேலையில் இருப்பதால் இதைப் பற்றிய ஐயங்களை ஓயாமல் கேட்டுவருகிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், அவற்றுக்கான விடைகளையும் இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

ஸ்நார்க்கலிங்னா என்னங்க? ஸ்கூபாவும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. ஸ்கூபாவில் காற்று அடைத்த உருளையை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவார்கள். அதற்குப் பயிற்சி வேண்டும். ஸ்நார்க்கலிங்கில் கண்ணையும் மூக்கையும் மூடும் முகமூடியை அணிந்து, வாயில் கவ்விய குழாயின் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, நீரின் மேற்பரப்பில் குப்புற மிதந்தபடி கீழே பார்ப்பதுதான் வேலை. காலில் துடுப்பு போன்ற ரப்பர்க் காலணி போட்டுக்கொண்டால் நகர்வது எளிது. கீழே இறங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நம்ம ஊர்லயே கடல் இருக்கே, மீன் பாக்க இலங்கை வரைக்கும் எதுக்குப் போகணும்?

கடல் இருக்கிறது, தெளிவு இல்லை. பவளப்பாறை என்பது கல் அல்ல. பாலிப் எனப்படும் மிகச் சிறிய உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய சுண்ணாம்புக் கூடு அது. அந்த உயிரிகளின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. ஆகவே வெயில் இறங்கும் அளவுக்குத் தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த நீரும், ஒட்டிக்கொள்ளக் கெட்டியான அடித்தளமும் பவளத்துக்கு வேண்டும். நம் கரையோ மணற்கரை. தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் ஒருபுறம், கரையில் ஓயாமல் உடையும் அலை கிளறிவிடும் மணல் மறுபுறம் என்று கரையோர நீர் எப்போதும் கலங்கலாகவே இருக்கும். தேவனாம்பட்டினத்தில் முகமூடி போட்டு இறங்கினால் உங்கள் கையையே நீங்கள் சரியாகப் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டிலேயே பவளப்பாறைகள் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இருக்கின்றன. 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி என்பதால் அத்தீவுகளில் நினைத்தபடி போய் இறங்கிவிட முடியாது.

கடற்கரைச் சாலையில தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல செயற்கைத் திட்டு போட்டிருக்காங்களே, அங்க பாக்க முடியாதா?

அது பவளத்துக்காகப் போடப்பட்டதல்ல. துறைமுகக் கட்டுமானத்துக்குப் பிறகு அரித்துப்போன மணற்கரையை மீட்பதற்காக, தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் நிறுத்தப்பட்ட ஆப்பு வடிவக் கட்டுமானம் அது. அலையின் வேகத்தைக் குறைத்து மணலைத் தங்கவைப்பதே அதன் வேலை, அதைச் செய்தும் இருக்கிறது. அதன் அருகே நீந்திப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கட்டுமானத்தில் மோதித் திரும்பும் அலை ஆளை எந்தப் பக்கம் இழுக்கும் என்று கணிக்க முடியாது.

கப்பல் புதுச்சேரியிலயே வந்து ஏத்திக்காதா?

இலங்கைப் பயணத்துக்குச் சென்னையில்தான் ஏற வேண்டும். பெரிய கப்பல் வந்து கட்டும் அளவுக்கு ஆழமான துறை இங்கே இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் புதுச்சேரியில் நிற்பதற்கு அப்போது அனுமதியும் கிடைக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி ஞாயிறு என்றால் மாமல்லபுரத்தைத் தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கப்பல் புறப்படும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்பே பயணிகள் பதிவு முடிந்துவிடும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கடலூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் இரவே சென்னையில் தங்குவது உத்தமம்.

எந்த மாசம் போனா தண்ணி தெளிவா இருக்கும்?

திருகோணமலைக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையை அடித்து நொறுக்கும் இந்த மாதங்களில், நடுவே இருக்கும் நிலமும் மலையும் மறைப்பாக நிற்பதால் கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். நமக்கு மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் அங்கேயும் கடல் கொந்தளிப்புத்தான், நீரும் கலங்கிப்போகும்.

மாதம் சரியாக அமைந்தாலும் நேரம் பார்க்க வேண்டும். அந்தக் கரையில் இந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றைக் கச்சான் என்பார்கள். காலையில் அது அடங்கியிருக்கும். பொழுது ஏற ஏற வலுக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று என்பதால் கரையோரம் அலை பெரிதாகத் தெரியாது, ஆனால் மிதக்கிறவரை மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். பிள்ளைகள் விளையாடும் காற்றடைத்த மெத்தை, டியூப் போன்றவற்றை அங்கே எடுத்துப் போக வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான். காலைப் பயணம், மதியப் பயணம் என்று இரண்டு இருந்தால் யோசிக்காமல் காலையை எடுங்கள்.

அந்தமான் நல்லதா, திருகோணமலை நல்லதா?

இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. அந்தமானுக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவத்தில் அங்கே மழையும் காற்றும் அதிகம். கோடை விடுமுறையின் கடைசியிலும் ஆடி, ஆவணியிலும் நேரம் கிடைக்கிறவர்களுக்குத் திருகோணமலை, பொங்கல் விடுமுறையில் கிடைக்கிறவர்களுக்கு அந்தமான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பவளத்தின் பரப்பிலும் வகையிலும் அந்தமானுக்கே முதலிடம். வண்டூரில் 1983 இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலிபாய் தீவைச் சுற்றியுள்ள பாறைகளைப் பார்த்தவர்களுக்குப் புறாத் தீவு சிறியதாகத்தான் தோன்றும். ஆனால் அந்தமானில் தங்கிச் சுற்ற நாலைந்து நாளாவது வேண்டும். கப்பல் பயணத்தின் நடுவில் அரை நாளில் பார்த்துத் திரும்புவதற்குப் புறாத் தீவு ஏற்றது. வழிகாட்டியும் படகுக்காரரும் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால், நீரில் இறங்கும் முன் ஐயங்களையெல்லாம் தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல்முறை இறங்குகிறவர்களுக்கு இது பெரிய தைரியம்.

புறாத் தீவுங்கறது என்ன இடம்? பெரிய தீவா?

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் சிறிய பாறைத் தீவு. பக்கத்தில் அதைவிடச் சிறியதாக இன்னொன்று. அந்த ஊரில் புறாமலை என்றும் சொல்வார்கள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 100 வகைப் பவளங்களும் 300 வகைப் பாறை மீன்களும் இங்கே பதிவாகியிருக்கின்றன. தீவில் கடையோ உணவகமோ தங்கும் இடமோ கிடையாது. கரையில் பல இடங்களில் மணலுக்குப் பதில் உடைந்த பவளத் துண்டுகளே கிடக்கும். வெறுங்காலோடு நடந்தால் குத்தும். ரப்பர்ச் செருப்பு நழுவும் என்பதால் பின்பட்டை உள்ள செருப்பு நல்லது.

எனக்கு நீச்சலே தெரியாது. இறங்கலாமா?

இறங்கலாம், நான்கு நிபந்தனைகளோடு. உடலுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டைக் கடைசி வரை கழற்றக் கூடாது. வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கால் ஊன்றும் ஆழத்தில், மணல் உள்ள இடத்தில் தொடங்க வேண்டும். முகத்தை நீரில் வைத்து வாயால் மூச்சு விடுவதற்கு ஊரிலேயே பழகியிருக்க வேண்டும். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் பெருமான் மிதந்துவந்து கரையேறிய திருப்பாதிரிப்புலியூர்க்காரராகவே நீங்கள் இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்க வேண்டாம்.

நான்காவது நிபந்தனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முகம் நீருக்குள் போனதும் மூச்சைப் பிடித்துக்கொள்வது உடம்பின் இயல்பு. குழாயின் வழியே நிதானமாக, ஆழமாக மூச்சு விடப் பழகுவதற்கு ஏதாவது ஒரு நீச்சல் குளத்தில் இரண்டு மூன்று காலைகள் போதும். பழகுவதற்கென்று கடற்கரையில் இறங்க வேண்டாம். நம் கரையின் அலையும் இழுப்பும் நீச்சல் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கின்றன. குழாயில் நீர் புகுந்தால் பதறாமல் "தூ" என்று ஒரே வேகத்தில் ஊதி வெளியேற்றுவதையும் குளத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

முகமூடிக்குள்ள தண்ணி வருதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

பெரும்பாலும் அது முகத்துக்குப் பொருந்தாத முகமூடி. சோதிப்பது எளிது. பின்பட்டையைத் தலையில் மாட்டாமல், முகமூடியை மட்டும் முகத்தில் வைத்து மூக்கால் மெல்லக் காற்றை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுக்கு உரியது. நழுவினால் வேறொன்றை எடுங்கள். பட்டையை இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து இறுக்குவார்கள். இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு மடிந்து இன்னும் அதிகமாகக் கசியும். நெற்றியில் விழும் முடி ஓர் இழை விளிம்புக்குள் சிக்கினாலும் கசிவுதான். அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டின் மேல் கொஞ்சம் நீர் வரத்தான் செய்யும். அங்கே சிறிது வாசலின் தடவினால் குறையும்.

கண்ணாடியில் ஆவி படிந்து மங்குவது வேறு சிக்கல். உள்பக்கத்தில் எச்சிலைத் தடவி, கடல் நீரில் ஒருமுறை அலசிப் போட்டுக்கொள்ளுங்கள். அருவருப்பாக இருந்தாலும் உலகம் முழுவதும் செய்வது இதைத்தான்.

முகம் முழுசும் மூடுற மாஸ்க் ஆன்லைன்ல விக்குதே, மூக்காலயே மூச்சு விடலாமாம். வாங்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குள் காற்று தங்கும் இடம் அதிகம். வடிவமைப்பு சரியில்லாத மலிவான வகைகளில், வெளிவிட்ட கரியமில வாயு முழுவதும் வெளியேறாமல் திரும்பவும் மூச்சோடு உள்ளே போகும். தலைச்சுற்றலும் மயக்கமும் வரலாம். இடர் என்று வந்தால் வாயிலிருந்து குழாயைத் துப்புவது போல அதைச் சட்டென்று கழற்றவும் முடியாது. இதை அனுமதிக்காத படகுகளும் உண்டு.

எனக்குக் கண்ணாடி போட்டாத்தான் தெரியும். என்ன பண்றது?

மூக்குக் கண்ணாடியின் மேல் முகமூடி பொருந்தாது. குறைந்த பவர் உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள் பவர் கண்ணாடி பொருத்திய முகமூடியை முன்கூட்டியே வாங்கலாம், அல்லது ஒருநாள் போட்டுவிட்டு எறியும் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்ளலாம். முகமூடிக்குள் நீர் புகுந்தால் கண்ணை மூடிக்கொள்ள மறக்க வேண்டாம்.

சுடிதாரோட இறங்கலாமா? நீச்சல் உடை எல்லாம் எங்களுக்குச் சரிப்படாது.

நீச்சல் உடை கட்டாயம் இல்லை. ஆனால் தொளதொளவென்ற பருத்திச் சுடிதார் நீரைக் குடித்துக் கனத்து, கால்களைச் சுற்றிக்கொள்ளும். துப்பட்டா படகின் விசிறியிலோ பாறையிலோ சிக்கினால் ஆபத்து. புடவைக்கும் இதே கதிதான். உடலோடு ஒட்டிய முழுக்கை நைலான் மேலாடையும் கணுக்கால் வரை லெக்கின்ஸும் போதும். விரும்பினால் அதன் மேல் தொடை வரை வரும் பாலியெஸ்டர் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தங்கச் சங்கிலி, தோடு, மெட்டி எல்லாவற்றையும் கப்பல் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வாருங்கள். மின்னும் பொருளைப் பார்த்து மீன் கொத்த வரலாம், கடலில் நழுவிய தாலிக்கொடியைத் தேடித் தர ஆளும் கிடைக்காது.

முழுக்கை உடைக்கு இன்னொரு பயனும் உண்டு. குப்புற மிதக்கும்போது வெயில் முழுவதும் முதுகிலும் கெண்டைக்காலின் பின்புறத்திலும் விழும். நீர் குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது தெரியாது. இரவில் கப்பலில் படுக்கும்போதுதான் தெரியும்.

சன்ஸ்க்ரீன் பவளத்துக்குக் கெடுதல்னு சொல்றாங்களே?

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் இரண்டு வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்யக்கூடும் என்ற காரணத்தால், அவை கலந்த களிம்புகளை மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்பதை ஹவாய் 2021 முதல் தடை செய்தது. துத்தநாக ஆக்சைடு உள்ள களிம்பை வாங்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் பூசுங்கள். மற்ற இடங்களை மேலே சொன்ன உடை பார்த்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறார். பையனுக்கு ஆறு வயசு. ரெண்டு பேரையும் இறக்கலாமா?

அப்பா முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஸ்நார்க்கலிங் பார்ப்பதற்குச் சோம்பலான விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் மார்பின் மேல் நீரின் அழுத்தம், குழாய் வழியே இழுத்து விடும் மூச்சு, நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, எதிர்த்துக் காலடிப்பது எல்லாம் சேர்ந்து இதயத்துக்கு வேலை வைக்கும். இதய நோய், கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு இருப்பவர்கள் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் இறங்கக் கூடாது. நீரில் காரணமின்றி மூச்சு வாங்கினால், "இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று நிற்காமல், மல்லாந்து படுத்து, வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டுக் கையை உயர்த்த வேண்டும்.

பையனுக்குச் சிறுவர் அளவு முகமூடியும், தொடைகளுக்கிடையே பட்டை உள்ள சிறுவர் லைஃப் ஜாக்கெட்டும் கிடைத்தால் மட்டும், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கரையோரத்தில் பார்க்கட்டும். படகில் இருப்பது பெரியவர்களுக்கான ஜாக்கெட் மட்டும் என்றால் அவன் தலை அதற்குள்ளேயே நழுவிவிடும், கரையில் இருக்கட்டும்.

படகுல வாந்தி வரும். அவோமின் போட்டுக்கலாமா?

போட்டால் தூக்கம் வரும் என்பதுதான் சிக்கல். அரைத் தூக்கத்தோடு கடலில் மிதப்பது நல்லதல்ல. கப்பலில் இரவு ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஸ்நார்க்கலிங் காலையில் என்ன எடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிலாவெளியிலிருந்து தீவுக்குப் படகுப் பயணம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இட்லி அளவில் லேசாகச் சாப்பிட்டுவிட்டு, தொலைவில் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

பாஸ்போர்ட் போதுமா, விசா வேணுமா? எங்க வீட்டுல பாதிப் பேர்கிட்ட பிரெஞ்சு பாஸ்போர்ட்.

வெளிநாட்டுப் பயணம் என்பதால் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். இலங்கையில் கரையிறங்கும் அனுமதி கப்பல் கட்டணத்துக்குள் வருகிறதா, தனியாக இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டுமா என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது, திரும்பி வருவதைத்தான். சென்னைத் துறைமுகத்தை விட்டதும் நீங்கள் இந்தியாவை விட்டு வெளியேறியவர் ஆகிவிடுகிறீர்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தால் தொல்லை இல்லை. அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். விசாவில் வந்து தங்கியிருப்பவர் என்றால் அது பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும். இன்னொன்று, இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு இலங்கைத் தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் குறைவு, பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கப்பலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதால் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

அங்க என்னென்ன பாக்கலாம்?

கிளிமீன் நிச்சயம். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் ஓசை நீருக்குள் "கறுக் கறுக்" என்று தெளிவாகக் கேட்கும். சுரண்டிய சுண்ணாம்பை மணலாகக் கழித்துவிட்டுப் போகும். கூட்டமாகத் திரியும் வண்ணாத்தி மீன்கள், கடற்சாமந்தியின் இழைகளுக்குள் ஒளிந்து எட்டிப் பார்க்கும் கோமாளி மீன், பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டும் அஞ்சாலை, அடியில் கிடக்கும் கடல் அட்டை, களவா, திருக்கை ஆகியவையும் உண்டு. அவசரப்பட்டுக் காலடித்துச் சுற்றுகிறவர்களைவிட, ஒரே பாறையின் மேல் ஐந்து நிமிடம் அசையாமல் மிதப்பவர்களுக்கே அதிகம் தென்படும். பயந்து ஒளிந்த மீன்கள் ஆட்டம் அடங்கியதும் வெளியே வரும்.

ஆமையும் வரலாம். நம் கரையில் தை முதல் பங்குனி வரை முட்டையிட வருவதும், வலையில் சிக்கி இறந்து ஒதுங்குவதும் பெரும்பாலும் பங்குனி ஆமை. பவளப்பாறைகளில் மேய்வது அழுங்காமையும் பேராமையும். அவற்றை நேர் மேலே மறித்து மிதக்காதீர்கள். மூச்சு வாங்க அவை மேலே வந்தாக வேண்டும். ஆமையையோ சுறாவையோ காட்டுவதாக யாராவது உறுதி கொடுத்தால் அவரை நம்ப வேண்டாம்.

சுறாவா! கடிக்காதா?

புறாத் தீவைச் சுற்றித் திரிவது துடுப்பு நுனியில் கறுப்பு உள்ள பாறைச் சுறா. வளர்ந்ததுகூடப் பொதுவாக ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். ஆளைக் கண்டால் விலகிப்போகும் கூச்சமுள்ள பிராணி அது. துரத்தாமல், இரை போடாமல் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நான் அதிகம் எச்சரிப்பது கிளாத்தி மீனைப் பற்றித்தான். முட்டையிட்ட இடத்தைக் காக்கும் பெரிய கிளாத்தி, ஆளென்றும் பார்க்காமல் பாய்ந்து கடிக்கும். அது உங்களை நோக்கி வந்தால் மேல்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் விலகுங்கள், ஏனென்றால் தன் கூட்டுக்கு மேலுள்ள நீர் முழுவதையும் அது தன் எல்லையாகவே கருதும்.

கால் வலிச்சா பவளப்பாறை மேல கொஞ்ச நேரம் நிக்கலாமா?

கூடவே கூடாது. இரண்டாம் கேள்வியில் சொன்னபடி அது உயிர். உருண்டை வடிவப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஒரு மிதியில் உடைவது பல ஆண்டு வளர்ச்சி. உங்கள் காலுக்கும் கேடுதான். பவளம் கீறிய புண் எளிதில் ஆறாது. இடுக்கில் கடல் முள்ளெலியின் முள் இருக்கும், கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனின் நஞ்சுமுள் அதைவிட மோசம். களைத்தால் மல்லாந்து மிதந்து ஓய்வெடுங்கள், லைஃப் ஜாக்கெட் தாங்கும். நீர் வற்றிய நேரத்தில் பாறையின் மேல் முழங்கால் ஆழம்கூட இருக்காது. அப்போது பாறையைச் சுற்றிப் போக வேண்டும், மேலே போகக் கூடாது.

மீனுக்கு பிரெட் போட்டா கிட்ட வருமாமே?

வரும். பிரெட் தின்று பழகிய மீன் பாசியை மேய்வதைக் குறைத்துக்கொள்ளும். மேயப்படாத பாசி பவளத்தை மூடிவிடும். போடாதீர்கள்.

செத்துக் கிடக்குற பவளத் துண்டு, சங்கு ரெண்டு மூணு எடுத்துட்டு வரலாமா?

தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுப்பது இலங்கையில் குற்றம். இங்கே 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பவளமும் சங்கு வகைகள் சிலவும் இருக்கின்றன. உயிரோடு இருந்ததா, செத்ததா என்ற வேறுபாடு அதில் இல்லை. சென்னைத் துறைமுகச் சுங்கச் சோதனையில் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கும் நிலை வேண்டாம்.

ஏதாவது கொட்டிட்டா?

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. இரண்டுமே ஒட்டியிருக்கும் கொட்டு அணுக்களை மேலும் வெடிக்கச் செய்யும். கடல் நீரால் அலசி, ஒட்டிய இழையை வெறுங்கையால் தொடாமல், இடுக்கியால் மெல்லப் பிடித்து எடுங்கள். மீன் முள் குத்தினால், தாங்கும் சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். மூச்சுத் திணறல், மயக்கம், உடல் முழுதும் தடிப்பு எதுவானாலும் உடனே மருத்துவமனைதான்.

அரை நாள் டூர்னு போட்டிருக்கு. தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் கிடைக்கும்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. துறைமுகத்தில் இறங்கி வரிசையில் நிற்பது, நிலாவெளிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சாலைப் பயணம், அனுமதிச்சீட்டு, படகு, முகமூடி தேர்வு, திரும்ப இதே வரிசை எல்லாம் போனால், ஐந்து மணி நேரப் பயணத்தில் நீருக்குள் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் நல்லபடி. அதனால்தான் மூச்சுப் பழக்கத்தையும் முகமூடிச் சோதனையையும் ஊரிலேயே முடித்துக்கொள்ளச் சொல்கிறேன். தீவில் பழகத் தொடங்குகிறவருக்குப் பழகி முடிக்கும்போது படகு கிளம்பிவிடும். பௌர்ணமி நாள் இலங்கையில் பொது விடுமுறை. கப்பல் நிற்கும் நாள் அதுவாக இருந்தால் தீவில் கூட்டம் அதிகமாக இருக்கும்.

கப்பல்காரங்க கேக்குற பணம் அதிகமா இருக்கு. நாமளே ஆட்டோ புடிச்சிப் போயிட்டு வந்துடலாமே?

பணம் மிச்சமாகும் என்பது உண்மை. நிலாவெளிக் கரையில் அனுமதிச்சீட்டு வாங்கிப் படகு பேசுவது நமக்குக் கடினமும் அல்ல. வேறுபாடு ஒன்றுதான். கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பையாவது ஏற்கும். சொந்தமாகப் போனவருக்காகக் காத்திருக்காது. இந்தியாவும் இலங்கையும் ஒரே மணிக்கணக்கு என்பதால் நேரக் குழப்பம் இல்லை. ஆனால் சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தை அல்ல, அதற்கு முன்னதாக எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரத்தைப் பாருங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருப்பேன் என்ற உறுதி இருந்தால் தனியாகப் போகலாம். கப்பல் துறையில் கட்டாமல் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும் நாளில் தனிப்பயணம் வேண்டாம், அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

வீட்டுல ரெண்டு பேரு தண்ணில இறங்க மாட்டாங்க. அவங்க என்ன பண்றது?

அவர்களைத் தீவுக்கு அழைத்துப்போய் வெயிலில் உட்கார வைக்காதீர்கள். திருகோணமலை நகரிலேயே பார்க்க வேண்டியது இருக்கிறது. ஞானசம்பந்தர் பாடிய திருக்கோணேசுவரம், கடலின் மேல் செங்குத்தாக நிற்கும் பாறை உச்சியில் இருக்கிறது. அதற்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவே திரியும். வனவிலங்கு பார்க்கும் ஆசை அவர்களுக்கு அங்கேயே தீரும். துறைமுகத்தை ஒட்டியே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால் நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் அந்தக் கடலில் வருவதுண்டு. கப்பல் உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் மேல்தளத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கரைக்குப் போனப்புறம் காத்து ஏறிடுச்சு. வழிகாட்டி வேணாங்கறார், படகுக்காரர் ஒண்ணும் ஆகாது வாங்கங்கறார். யார் பேச்சைக் கேக்குறது?

வேண்டாம் என்கிறவர் பேச்சை, அவர் யாராக இருந்தாலும். படகுக்காரர் கடலை நன்கு அறிந்தவர். ஆனால் அவர் கணக்கில் இருப்பது தீவுக்குப் படகைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பது. வழிகாட்டி பார்ப்பது, நீச்சல் தெரியாத ஆறு பேரை அந்த நீவாட்டில் ஒன்றாக வைத்திருக்க முடியுமா என்பதை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். படகு போகலாம் என்ற அளவில் கடல் இருந்து, நீரில் இறங்க வேண்டாம் என்று முடிவானால், தீவைச் சுற்றிவந்து புறாக்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் ஒரு வழி.

கப்பல் நடத்தும் சுற்றுலாவைக் கப்பலே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைப்பது வழக்கம். போய்ச் சேர்ந்த பிறகு நீங்களாக இறங்க மறுத்தால் பெரும்பாலும் கிடைக்காது. வழிகாட்டியே இறங்க வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்பது சீட்டின் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியைப் படித்து, புரியாததைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மதிய நேரத்துச் சுற்றுலா என்றால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள், கச்சான் ஏறும் நேரம் அதுதான்.